வட்டச் சந்தையில் மும்முனைப் போட்டி

நீச்சல், சைக்கிள், ஓட்டம். கூடவே அலுவலகம், வீடு, தில்லியின் காற்று. கோல் மார்க்கெட் விடியற்காலையில் ஒரு நாற்பத்தாறு வயதுக்காரரின் நேரக் கணக்கு.

காலை நாலே முக்கால் மணிக்குக் கோல் மார்க்கெட் ரவுண்டானாவில் மூன்று வகை ஜீவன்கள்தான் விழித்திருக்கும். பால் கொண்டுவருபவர்கள், தெரு நாய்கள், நாற்பதைத் தாண்டிய பிறகு உடம்பைப் பற்றி ஞானோதயம் பெற்ற என்னைப் போன்றவர்கள். முதல் இரு வகையினருக்கும் அங்கே வேலை இருக்கிறது. மூன்றாவது வகையை நாய்கள் நம்புவதில்லை. தலையில் ஹெல்மெட், முதுகில் ஈரத் துண்டு அடைத்த பை, சத்தமில்லாத சைக்கிள். சந்தேகப்படுவதற்கு நாய்க்கு வேறென்ன வேண்டும்? பேஷ்வா ரோடு திருப்பம் வரை துரத்திவிட்டுத் திரும்பும். அதை என் முதல் உடற்பயிற்சி என்று கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

'கோல்' என்றால் ஹிந்தியில் வட்டம். வட்டச் சந்தை. ஆனால் நின்று நிதானமாகப் பார்த்தால் அந்தக் கட்டடம் வட்டமல்ல, பன்னிரண்டு பக்கங்கள் கொண்டது. 1921இல், புது தில்லி இன்னும் மண்ணும் செங்கல்லுமாகக் கிடந்த காலத்தில் கட்டினார்கள். மீனும் இறைச்சியும் முட்டையும் காய்கறியும் விற்ற இடம். காலப்போக்கில் சுவர் இளகி, கூரை சரிந்து, கடைகள் காலியாகி, வழக்கு நடந்து, கடைசியில் அதை அருங்காட்சியகமாக்கும் வேலையை நகராட்சி கவுன்சில் கையில் எடுத்தது. சந்தை போனாலும் பெயர் போகவில்லை. சுற்றியுள்ள இனிப்புக் கடைகளில் காலை எட்டு மணிக்கு பட்டூரா பொரியும் வாசனை எழும்போது, மூன்று மணி நேரம் எரித்ததை மூன்று நிமிடத்தில் ஈடுகட்டிவிடலாம் என்ற விபரீத யோசனையும் எழும்.

இந்த வட்டாரத்தில் தமிழர்களுக்குப் பழைய பாத்தியதை உண்டு. 1923இல் 'மதராஸி' என்ற பெயரோடு தொடங்கி இன்று ஏழு பள்ளிகளை நடத்தும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று பக்கத்தில் மந்திர் மார்க்கில் இருக்கிறது. அதே சாலையில்தான் 1939இல் காந்திஜி திறந்துவைத்த பிர்லா மந்திர், காளி பாரி, அவர் 1946-47இல் 214 நாட்கள் தங்கியிருந்த வால்மீகி கோயில் எல்லாம். சுற்றிலும் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள். நாங்கள் இருப்பதும் அப்படி ஒன்றில்தான். குவார்ட்டர்ஸ் என் மனைவி பெயரில். அவள் ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். நான் மொழிபெயர்ப்பாளன், பத்திரிகைக்காரன். வீட்டில் யார் குடியிருப்பவர், யார் கூட இருப்பவர் என்பதில் அரசாங்கத்துக்குக் குழப்பம் கிடையாது.

பக்கத்து பிளாக்கில் மகன் வீட்டில் இருக்கும் பெரியவருக்கு எண்பத்தெட்டு வயது. 1958இல் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர். இதே கோல் மார்க்கெட்டில் நான்கு பேராக ஓர் அறையில் இருந்துகொண்டு, இருவருக்கு ஒரு சைக்கிள் என்று நார்த் பிளாக்குக்கு மிதித்தவர். தை மாதக் குளிரில் காதைச் சுற்றி மஃப்ளர், ஹேண்டில்பாரில் டிபன் கேரியர். என் சைக்கிளை முதல் நாள் பார்த்ததும் கேட்டார்: "ஏம்ப்பா, இதுல கேரியரே இல்லையே, எதுக்கு வாங்கினே?"

பெயரில்லாத விளையாட்டு

எதற்கு வாங்கினேன் என்பதை விளக்க எனக்குத் தமிழில் சொல் கிடைக்கவில்லை. எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இது அவமானம். டிரையத்லான் என்பது கிரேக்கம்: மூன்று போட்டி. பத்திரிகைத் தமிழில் 'மும்முனைப் போட்டி' என்று எழுதினால் வாசகர் அடுத்த வரியில் டெபாசிட் இழந்தவர் யார் என்று தேடுவார். 'நெடுமுப்போட்டி' என்று ஒரு சொல் உண்டு. பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஏதோ வியாதி பேர் மாதிரி இருக்கு" என்றார்.

விஷயம் எளிது. முதலில் நீந்த வேண்டும், கரையேறிய கையோடு சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கிய காலோடு ஓட வேண்டும். கடிகாரம் நடுவில் நிற்காது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் இது ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது வைத்த தூரம் ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். அதில் பாதி 'ஸ்பிரின்ட்'. பெரிய அண்ணன் 'அயர்ன்மேன்': 3.8, 180, 42.2.

இரும்பு மனிதர்கள் என்றதும் நமக்குப் பயில்வான்கள் நினைவு வரும். ஆனால் இதன் பிறப்பே உத்தியோகஸ்தர்களின் விளையாட்டாகத்தான். 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு ஓட்டப் பந்தயக் கிளப் வார நாள் மாலையில் நடத்திய முதல் போட்டிக்கு 46 பேர் வந்தார்கள். அதில் கலந்துகொண்ட கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் மனைவி ஜூடியும் நான்கு வருடம் கழித்து ஹவாயில், அங்கே தனித்தனியாக நடந்துகொண்டிருந்த ஒரு கடல் நீச்சல், ஒரு சைக்கிள் பந்தயம், ஒரு மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் கோத்துவிட்டார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதலாவதாக வந்த கார்டன் ஹாலர் டாக்ஸி ஓட்டியவர். இரண்டாவதாக வந்தவருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, கூட வந்த நண்பர்கள் பீர் கொடுத்து ஓட்டினார்களாம்.

நம் பக்கத்தில் இதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அனு வைத்தியநாதனை. 2009இல் கனடாவில் 'அல்ட்ராமேன்' போட்டியில் ஓடியவர். மூன்று நாட்களில் 10 கிலோமீட்டர் நீச்சல், 420 கிலோமீட்டர் சைக்கிள், 84 கிலோமீட்டர் ஓட்டம். அவர் முழுநேர விளையாட்டு வீராங்கனை அல்ல. எஞ்சினீயர். நியூசிலாந்தில் முனைவர் பட்டம் பெற்றவர், காப்புரிமை ஆலோசனை நிறுவனம் நடத்தியவர். 2016இல் தன் அனுபவங்களைப் புத்தகமாகவும் எழுதினார். 2015இல், ஐம்பது வயதை எட்ட சில மாதங்களே இருக்கையில், ஸூரிச்சில் அயர்ன்மேன் முடித்த மிலிந்த் சோமனை எல்லோருக்கும் தெரியும். அவரைப் பார்த்தால் எனக்குப் பெருமூச்சு வரும். அனுவைப் பற்றிப் படித்தால்தான், 'இந்தப் பெண் எத்தனை மணிக்குத் தூங்கினார்?' என்ற கேள்வி வரும். எங்களைப் போன்ற அமெச்சூர்களுக்குப் பயனுள்ள கேள்வி அதுதான்.

ஆற்று நீச்சலும் ரிட்ஜ் குரங்குகளும்

என் கதை ரத்தப் பரிசோதனையில் தொடங்கியது. நாற்பத்து மூன்றாவது வயதில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. அப்பாவுக்கு அதே வயதில் வந்து, கடைசி வருடங்களில் ஒரு காலை எடுத்துக்கொண்டு போன வியாதி. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். மூன்றாம் மாதம் ஓடினேன். முழங்கால் வலித்தது. வாரத்தில் சில நாள் நீந்தும்படி சொன்னார்கள். நீச்சலுக்குப் போய்வர சைக்கிள் வாங்கினேன். மூன்றும் கையில் இருக்கின்றனவே என்று ஒரு நாள் தோன்றியது. அவ்வளவுதான்.

நீச்சல் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். காவிரியில் தண்ணீர் வந்த நாட்களில் கற்றது. தல்கட்டோரா நீச்சல் குளத்தில், 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டி 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பித்த குளத்தில், முதல் நாள் என் நீச்சலைப் பார்த்த பயிற்சியாளர் ஹிந்தியில் கேட்டார்: "நீங்கள் நீந்துகிறீர்களா, யாரையாவது தேடுகிறீர்களா?" ஆற்று நீச்சலில் தலை தண்ணீருக்கு மேலே இருக்கும். முதலை வருகிறதா, வேட்டி கரையில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க அது தோது. ஆனால் தலை தூக்கினால் கால் தாழும், கால் தாழ்ந்தால் உடம்பு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதாகும். முகத்தைத் தண்ணீரில் புதைத்து, மூச்சை உள்ளேயே விட்டு, பக்கவாட்டில் திரும்பி எடுக்கக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. 50 மீட்டர் நீளத்தில் 15 தடவை போனால் 750 மீட்டர். முதல் தடவையின் முடிவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கியவன், ஒரு ஜூலை காலையில் பதினைந்தாவதின் முடிவில் இன்னும் போகலாம் என்று நினைத்தேன்.

தல்கட்டோரா என்றால் கிண்ணம் போன்ற குளம். 1737இல் பாஜிராவின் மராட்டியப் படை முகாமிட்டு முகலாயர்களோடு மோதியது இந்தப் பக்கத்தில்தான். இப்போது அங்கே மோதல் லேன் நான்குக்காக மட்டும்.

சைக்கிளுக்கு ஜண்டேவாலான் இருக்கிறது. வரிசையாக சைக்கிள் கடைகள் உள்ள சந்தை, கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஒருவர் ஒன்றரை வருடம் ஓட்டி அலுத்துப்போன சைக்கிள் எனக்குக் கிடைத்தது. என் சுற்று இது: மந்திர் மார்க், சங்கர் ரோடு, அங்கிருந்து ரிட்ஜ் காட்டுக்குள் வந்தே மாதரம் மார்க், புத்த ஜெயந்திப் பூங்கா, சர்தார் படேல் மார்க், திரும்ப வீடு. காட்டின் குரங்குகள் சாலையோரச் சுவரில் பெஞ்ச் மெம்பர்களைப் போல உட்கார்ந்திருக்கும். பையில் வாழைப்பழம் இருக்கிறதா இல்லையா என்பதில் அவற்றின் தீர்ப்பு தவறியதே இல்லை. காலை ஆறரைக்கு மேல் பஸ்ஸும் லாரியும் வந்துவிடும். ஆகவே தில்லியில் சைக்கிள் பயிற்சி என்பது இருட்டில் தொடங்கி வெளிச்சத்தில் முடிய வேண்டிய வேலை.

சர்தார் படேல் மார்க் முடியும் இடத்தில் பதினோரு உருவங்கள் கொண்ட தண்டி யாத்திரைச் சிலை. 'கியாரா மூர்த்தி' என்பார்கள். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக நெடுங்காலம் இருந்தவர். மெரினாவில் நான்கு பேர் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலையும் அவர் கைவேலைதான். சென்னைக்காரர் யாராவது என்னோடு தில்லி வந்தால் அந்த முதுகுகளைக் காட்டுவேன். தள்ளும் மனிதனின் முதுகு எப்படி வளையும் என்று தெரிந்த கலைஞர். அங்கே லேசான ஏற்றம் வேறு. சீட்டிலிருந்து எழுந்து மிதிக்கும்போது அந்தப் பன்னிரண்டாவது முதுகு என்னுடையது.

மாறும் இடம்

சைக்கிளிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கும் முதல் பத்து நிமிடம் விசித்திரமானது. காலை மண்ணில் ஊன்றி ஓடினாலும் தொடைகள் இன்னும் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். கால் செங்கல்லாகக் கனக்கும். இதைப் பழக சைக்கிளையும் ஓட்டத்தையும் அடுத்தடுத்துச் செய்யும் பயிற்சிக்கே 'செங்கல்' என்றுதான் பெயர். இந்த விளையாட்டில் மாறும் நேரத்தை நான்காவது போட்டி என்பார்கள்.

மொழிபெயர்ப்பாளனுக்கு இது புதிதல்ல. மூன்று மணி நேரம் ஆங்கிலக் கட்டுரையில் மூழ்கிவிட்டுத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் ஒரு பக்கம் செங்கல்தான். சொற்கள் தமிழ், வாக்கியம் மட்டும் ஆங்கிலத்திலேயே மிதித்துக்கொண்டிருக்கும். 'எது', 'எந்த' என்று வால் நீண்டுகொண்டே போகும். எழுவாய் ஓரிடத்திலும் வினை வேறு ஊரிலும் நிற்கும். அதற்கு நான் கண்ட வைத்தியம், எழுதுவதை நிறுத்தி யாரிடமாவது ஐந்து நிமிடம் தமிழில் பேசுவது. ஓட்டத்துக்கும் அதே வைத்தியம்தான்: முதலில் சிறு சிறு அடியாக வைக்க வேண்டும். இப்போது கம்ப்யூட்டர் நொடியில் மொழிபெயர்த்துத் தள்ளுவதைத் திருத்தும் வேலை அதிகம். அது மாறும் இடத்தில் நிற்பதே இல்லை. கடைசி வரை செங்கல் காலோடுதான் ஓடுகிறது.

யாருடைய நேரம்?

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

2019இலிருந்து கோவாவில் அரை அயர்ன்மேன் நடக்கிறது. மீராமர் கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம், எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு வருடம் அதற்குக் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தேன். அட்டவணை போட்டேன். வாரம் இரண்டு நாள் நீச்சல், மூன்று நாள் ஓட்டம், ஒரு நாள் குறுகிய சைக்கிள், ஞாயிறு நீண்ட சைக்கிள். எட்டே கால் மணி நேரம்தான். ஒரு நாளைக்கு எழுபத்தோரு நிமிடம்கூட முழுதாக இல்லை. நேரமில்லை என்பவர்களைப் பார்த்து மனதுக்குள் சிரித்தேன்.

இதழ் முடிக்கும் வியாழக்கிழமை அது. விடியற்காலை நாலேகாலுக்கு எழுந்து செங்கல் பயிற்சி முடித்துவிட்டு அலுவலகம் போயிருந்தேன். இரவு பதினோரு மணிக்கு மூலத்தில் '1.2 மில்லியன்' என்று இருந்ததை '1.2 லட்சம்' என்று எழுதிப் பக்கத்துக்கு அனுப்பினேன். பன்னிரண்டு லட்சம் பேரில் பத்து லட்சத்து எண்பதாயிரம் பேர் என் தூக்கத்தில் காணாமல் போனார்கள். மெய்ப்புப் பார்த்த இளைஞர் பிடித்துவிட்டார். "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். உடம்பு வாழ்நாளிலேயே அவ்வளவு நன்றாக இருந்ததில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

அந்த ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போலக் கட்டையாகச் சாய்ந்தேன். எழுந்தபோது மனைவி என் அட்டவணையின் பின்பக்கத்தில் ஒரு கணக்கு எழுதி வைத்திருந்தாள். குளத்துக்குப் போய்வர, குளிக்க, துணி அலச, சைக்கிளைத் துடைக்க மூன்று மணி நேரம். ஞாயிறு மதியத் தூக்கம் இரண்டு மணி. ஆக, எட்டே கால் அல்ல, பதின்மூன்றே கால்.

"நீந்தினது நீங்க, மிதிச்சது நீங்க, ஓடினது நீங்க. சரி. அந்த அஞ்சரை மணிக்கு அடுப்புக்கிட்ட நிக்கறது யாரு? பொண்ணு பிசிக்ஸ்ல திணறிண்டிருக்கறது உங்களுக்குத் தெரியுமா? நானும் ஒன்பது மணிக்கு ஆபீஸ்ல இருக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோப்பில் குறிப்பு எழுதுகிறவளின் குரலில் சொன்னாள். என்னிடம் பதில் இல்லை. சர்க்கரையைச் சொல்லலாம். ஆனால் சர்க்கரைக்கு மருந்தாக டாக்டர் 113 கிலோமீட்டர் எழுதிக் கொடுக்கவில்லை. அவளுக்கும் நாற்பத்து நான்கு வயது. அவள் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்து எத்தனை வருடமாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மூன்று விஷயம் பேசி முடிவு செய்தோம். இதழ் முடிக்கும் நாளிலும் அதற்கு மறுநாளும் எனக்கு அலாரம் கிடையாது. செவ்வாயும் சனியும் காலை அவளுடையது. அவள் தல்கட்டோரா தோட்டத்துக்கு நடக்கப் போவாள், சமையலும் டிபன் டப்பாவும் என் பொறுப்பு. ஞாயிறு எட்டு மணிக்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும், தோசை என் கையால். பயிற்சி ஆறு மணி நேரமாகச் சுருங்கியது. ஆறு மணி நேரத்தில் கோவாவுக்குப் போக என் உடம்பு போதாது. பணம் கட்டவில்லை.

பிற்பாடு தில்லியின் காற்றும் தன் பங்குக்கு அட்டவணையைத் திருத்தியது. 2024 நவம்பர் நடுவில் காற்றுத் தரக் குறியீடு 490ஐத் தாண்டிய நாட்களில் குருத்வாரா பங்ளா சாஹிபின் பொன் குவிமாடம்கூடப் பக்கத்தில் போனால்தான் தெரிந்தது. ஐம்பதுக்குக் கீழே இருந்தால்தான் நல்ல காற்று என்பது கணக்கு. அந்தக் காற்றில் ஓடுவது ஆரோக்கியத்துக்காக என்று சொன்னால் குரங்குகள் சிரிக்கும். வீட்டுக்குள் கயிறு தாண்டினேன், படிக்கட்டு ஏறினேன். விளையாட்டில் பிடிவாதத்தைப் புகழ்கிறார்கள். ஆனால் வேலை பார்க்கிற மனிதனுக்கு முதலில் தேவை விட்டுக்கொடுக்கத் தெரிவது என்று எனக்குப் படுகிறது.

இரண்டு மணி ஒரு நிமிடம்

மார்ச் மாத ஞாயிறு ஒன்றில் நானே ஒரு போட்டி வைத்துக்கொண்டேன். பங்கேற்றவர் ஒருவர். மகளுக்குத் தேர்வு முடிந்திருந்தது. அவள்தான் கடிகாரம். தல்கட்டோராவில் 750 மீட்டர், ரிட்ஜ் வழியாக 20 கிலோமீட்டர், கோல் மார்க்கெட்டிலிருந்து 5 கிலோமீட்டர். இலவம் பூக்கள் சாலையெங்கும் சிவப்பாக நசுங்கிக் கிடந்தன. குளத்தில் 23 நிமிடம், சைக்கிளில் 52, ஓட்டத்தில் 34. உடை மாற்றியதும் ஷூ கயிறு சிக்கியதும் நாய் துரத்தியதும் சேர்ந்து 12. மொத்தம் இரண்டு மணி ஒரு நிமிடம். கார்டன் ஹாலர் பயப்படத் தேவையில்லை.

பழைய சந்தையின் பன்னிரண்டு பக்கங்களையும் சுற்றி ஓட்டத்தை முடித்தபோது, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு காலை நடைக்கு வந்திருந்த பெரியவர் நின்று பார்த்தார். என் மூச்சு அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"நாங்க வேற வழியில்லாம மிதிச்சோம். நீ வழியிருந்தும் மிதிக்கறே" என்றார். பாராட்டா, குற்றச்சாட்டா என்று புரியவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "ரெண்டுக்கும் ராத்திரி நல்லா தூக்கம் வரும். அது போதும்."

கோவா வருடாவருடம் வரும். மகள் கல்லூரிக்குப் போன பிறகு யோசிக்கலாம் என்று மனைவியே ஒருநாள் சொன்னாள். அவளும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டாள். எல்லாம் சரியாக இருந்தது. இப்போது வாரம் இரண்டு நாள் என்னைவிட வேகமாக நடக்கிறாள், அதை எண்ணவும் செய்கிறாள்.

அன்று எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. மாவு ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்தாகிவிட்டதா என்ற கவலையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அந்தக் கடைசி ஓட்டத்துக்கு யாரும் நேரம் குறிக்கவில்லை.